சித்தப்பாவின் கருப்பு சிட்டி: பெயின்ட் ஏன் மங்கியது, வீட்டிலேயே எப்படி மீட்டோம்

வண்டி ஹோண்டா சிட்டி, 2015 மாடல், கருப்பு. சித்தப்பாவுடையது. திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் ஒரு பழைய ஃப்ளாட், கீழே எல்லாருக்கும் மூடிய பார்க்கிங் கிடையாது, சித்தப்பாவுக்குக் கிடைத்த இடம் மதில் ஓரமாக, ஒரு புங்க மரத்துக்கு அடியில். ஓட்டம் குறைவு, இன்ஜின் கச்சிதம், உள்ளே சீட் உறைகூடக் கிழியவில்லை. ஆனால் வெளியே பார்த்தால் கருப்பு என்று சொல்ல மனசு வராது, சாம்பல் பூத்துப்போய் இருந்தது. வெயிலில் நிறுத்தினால் பானெட்டில் சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி நூலாம்படை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள். கூரையிலும் பின் கண்ணாடியிலும் வெள்ளை வெள்ளையாக நீர்ப்புள்ளிகள். பெயின்ட் கடையில் விசாரித்ததற்கு முழு வண்டியையும் மறுபடி அடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு முன்பு சில வருடங்களாக ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஒரு கடையில் விட்டு ரப்பிங், பாலிஷ், டெஃப்ளான் கோட்டிங் எல்லாம் செய்துகொண்டு வந்திருக்கிறார். "வருஷா வருஷம் குடுக்குறேன்டா. வரும்போது அதுல முகம் பாக்கலாம், தீபாவளி தாண்டுறதுக்குள்ள பழையபடி ஆயிடுது" என்றார்.

அந்த ஒரு வரிதான் எனக்குத் துப்பு. பாலிஷ் உண்மையிலேயே கீறலை எடுத்திருந்தால் அது ஒரே மாதத்தில் திரும்பி வராது. ஒன்று, புதிதாகக் கீறல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய கீறல் போகவே இல்லை, பாலிஷில் இருந்த எண்ணெயும் மெழுகும் பள்ளத்தை நிரப்பி மறைத்திருக்கின்றன, நாலு முறை கழுவியதும் அது கரைந்து கீறல் வெளியே வந்துவிட்டது. இந்த வண்டியில் இரண்டுமே நடந்திருந்தது. அதனால் எந்த வேக்ஸ் வாங்கலாம், எந்த மெஷின் நல்லது என்று ஆரம்பிக்காமல், யார் எப்போது எதைக்கொண்டு இந்த வண்டியைத் தொடுகிறார்கள் என்று முதலில் பார்த்தோம்.

அதைச் சொல்வதற்கு முன் பெயின்டைப் பற்றிக் கொஞ்சம். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட் மொத்தமாகவே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதில் கிளியர் கோட் 40 மைக்ரான் சுமார். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவுக்கு வரும் என்றால் இது எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் எல்லாம் இந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. கீறலைப் பாலிஷ் செய்து எடுக்கிறோம் என்றால் கீறலை அழிக்கிறோம் என்று அர்த்தம் இல்லை, அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம். போனது போனதுதான். வேக்ஸ் எத்தனை முறை பூசினாலும் அந்தத் தடிமன் திரும்பி வராது. வருடா வருடம் ரப்பிங் கொடுக்கிற யாரும் இதை ஒருமுறை யோசித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க, பாடி ஷாப் வைத்திருக்கும் நண்பரிடம் தடிமன் அளக்கும் மீட்டரை வாங்கி வந்தேன். தகட்டின் மேல் வைத்தால் மொத்தப் பெயின்டின் தடிமனைக் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது, பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது. கூரையில் 118, டிக்கியில் 115 என்று வந்தது. பானெட்டின் நடுவில் 102. பானெட்டின் மடிப்பு ஓரத்தில் 84. அதாவது கண்ணில் படுகிற இடத்தையே ரப்பிங்காரர்கள் அதிகம் தேய்த்திருக்கிறார்கள், ஓரங்களில் இன்னும் அதிகம். இடது பின் கதவில் 240-க்கு மேல் காட்டியது, எப்போதோ இடிபட்டு மறுபடி அடித்த கதவு, சித்தப்பாவுக்கே அது மறந்துபோயிருந்தது. இந்த எண்களைப் பார்த்த பிறகு ஒன்று முடிவாயிற்று: ஓரங்களையும் மடிப்புக் கோடுகளையும் மெஷின் தொடக்கூடாது, மற்ற இடத்திலும் ஒரே ஒரு முறை தான்.

காரணங்கள்

முதல் காரணம் காலை ஆறு மணிக்கே வந்துவிடும். அந்த ஃப்ளாட்டில் பத்து வண்டிக்கு மேல் துடைக்கிற ஒருவர் இருக்கிறார், வயதில் பெரியவர், கைசுத்தமானவர், ஒரு நாள் தவறமாட்டார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி. பக்கத்து வண்டியைத் துடைத்த அதே துணியை அதே தண்ணீரில் அலசி நம் வண்டிக்கு வருகிறார். ராத்திரி முழுக்க கடல் காற்றில் வந்த உப்பும் பொடி மணலும் பனி ஈரத்தில் பானெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் ஈரத்துணியை வைத்து வட்டமாக இழுத்தால் மணல் துகள் ஒவ்வொன்றும் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போகும். வருடம் முழுக்க, தினமும். இதில் அவருடைய தப்பு எதுவும் இல்லை. காலையில் கீழே வரும்போது வண்டி ஈரத்தோடு பளிச்சென்று இருந்தால்தான் வேலை நடந்தது என்று நம்புகிறவர்கள் நாம்தான், பத்து வண்டிக்குப் பத்து துணி வாங்கிக் கொடுக்காதவர்களும் நாம்தான்.

இரண்டாவது தண்ணீர். அந்த வளாகத்தில் வண்டி கழுவக் கிடைப்பது போர்த் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 1,400-ஐ ஒட்டிக் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கது என்று சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. சரி, போர்த் தண்ணீர் அப்படித்தான். ஆனால் சில வீடுகளிலிருந்து, தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வண்டி துடைக்கக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சித்தி வீட்டிலிருந்தும் ஒரு குடம் போகும். ஆர்.ஓ. என்பது உப்பை நீக்கிக் குடிதண்ணீரை ஒரு குழாயிலும், அந்த உப்பையெல்லாம் சேர்த்து மீதித் தண்ணீரை இன்னொரு குழாயிலும் விடுகிற மெஷின். கழிவுத் தண்ணீரில் மீட்டர் 2,000-ஐத் தொட்டது. அதை வெயிலில் நிற்கும் கருப்பு வண்டியில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிக் கால்சியம் மட்டும் பெயின்டில் உட்கார்ந்துவிடும். வீட்டில் அந்தத் தண்ணீரில் தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம், வண்டிக்கு மட்டும் வேண்டாம்.

மரமும் ஒரு காரணம்தான், ஆனால் மக்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. புங்கம் பூ உதிர்ந்தால் கழுவினால் போய்விடும். காக்கை, மைனா எச்சம் வேறு ரகம். வெயிலில் சூடான கிளியர் கோட் இளகி விரிகிறது, மேலே காய்ந்துகொண்டிருக்கும் எச்சத்தைச் சுற்றி அது மறுபடி இறுகும்போது அந்த வடிவமே அச்சாகப் பதிந்துவிடும், எச்சத்தில் உள்ள அமிலமும் அதற்குத் துணை. கூரையில் அப்படிப் பல அச்சுகள் இருந்தன.

கடைசியாக, ஆயுத பூஜை. பானெட்டில் சந்தனமும் குங்குமமும் அப்பி, அது காய்ந்து, மூன்று நாள் கழித்து உலர்ந்த துணியால் சுரண்டி எடுப்பது நம் எல்லார் வீட்டு வழக்கம். காய்ந்த சந்தனம் பொடியாகி உதிர்கிறபோது நன்றாகவே கீறும். பொட்டு வைத்த இடத்தைச் சுற்றி பானெட்டில் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தனியாகக் கீறல் கூட்டம் இருந்தது. பூஜையை விடச் சொல்லவில்லை, கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாம், கண்ணாடி எளிதில் கீறாது. பெயின்டிலேயே வைக்கத்தான் வேண்டும் என்றால் மறுநாள் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்து எடுத்தால் போதும்.

ரப்பிங் கடை செய்ததும் பானெட்டில் எழுதியே இருந்தது. ராத்திரி தெருவிளக்குக்குக் கீழே நிறுத்தி மெல்ல நகர்ந்து பார்த்தால் கீறலோடு சேர்ந்து அலை அலையாக நகர்கிற ஒரு நிழல் தெரிந்தது, ரோட்டரி மெஷினில் கம்பளி பேட் மாட்டிக் கரடான காம்பவுண்ட் (பெயின்டைத் தேய்த்து இறக்கும் பசை) வைத்து ஓட்டிவிட்டு அடுத்த கட்ட மென்மைப் பாலிஷ் செய்யாமல் விட்டால் வருகிற தடம் அது. பகல் வெளிச்சத்தில் கடை வாசலில் பார்த்தால் தெரியாது.

கழுவுதலும் சுத்தம் செய்வதும்

வேலையை ஒரு சனி ஞாயிறில் வைத்துக்கொண்டோம், கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு இடையே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கில், ஊருக்குப் போயிருந்த ஒருவரின் இடத்தைக் கேட்டு வாங்கி. நிழல் இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது. சென்னை வெயிலில் கருப்புத் தகடு கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும், ஷாம்பூவும் காம்பவுண்டும் பூசிய இடத்திலேயே காய்ந்து கறையாகும். புறங்கையை வைத்துப் பார்த்துத் தகடு குளிர்ந்திருந்தால்தான் தொடங்குவது.

இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் துணியே படாமல் தண்ணீரை ஓடவிட்டுத் தளர்ந்த மணலை இறக்கிவிட்டு, மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து மேலிருந்து கீழாக, நேர்கோட்டில், அழுத்தாமல். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குள். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரின் அடியும் கடைசியில், சக்கரத்துக்குத் தனித் துணி. துணி துவைக்கிற சோப்புத் தூளைப் போடாதீர்கள், காரம் அதிகம், மேலே இருக்கிற வேக்ஸ் முழுவதையும் உரித்துவிடும், ரப்பர் பட்டிகளும் வறண்டு போகும்.

கடைசி அலசலுக்கு நாங்கள் பயன்படுத்தியது ஏசி தண்ணீர். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். காற்றிலிருந்து குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, மீட்டரில் 30-க்குக் கீழேதான் வந்தது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஏசி ஓடினால் பல லிட்டர் பிடிக்கலாம். அதை ஒரு மெல்லிய துணியில் வடிகட்டி, செடிக்கு மருந்து அடிக்கிற கை ஸ்ப்ரேயரில் ஊற்றி வண்டி முழுக்கத் தெளித்தால் போர்த் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும், பிறகு துடைக்கக் கொஞ்சம் தாமதமானாலும் புள்ளி விழாது.

நீர்ப்புள்ளிகளுக்கு வெள்ளை வினிகர். மளிகைக் கடையில் கிடைப்பது 5 சதவீத அளவில் அசிட்டிக் அமிலம் உள்ளது, அதில் பாதிக்குப் பாதி ஏசி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் புள்ளிகளின் மேல் ஒரு நிமிடம் போட்டு வைத்து, உடனே ஷாம்பூ தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கால்சியம் படிவு கரைந்துவிடும். கூரையில் இருந்த புள்ளிகளில் பெரும்பாதி இப்படியே போயிற்று. மீதி இரண்டு வகை: சிலிக்கா படிவு வினிகருக்கு மசியாது, கிளியர் கோட்டிலேயே பள்ளம் விழுந்துவிட்ட புள்ளியில் கரைக்க எதுவுமே இல்லை. பின் கண்ணாடிக்கு செரியம் ஆக்சைடு பொடியைக் குழைத்துத் தேய்த்தோம், கை வலி நிச்சயம், ஆனால் கண்ணாடிக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

பிறகு இரும்புத் துகள். பிரேக்கிலிருந்து வருவது ஒரு பக்கம், எதிர் வீட்டில் பல நாள் கிரில் வெல்டிங் நடந்திருந்தது இன்னொரு பக்கம். இதற்கென்று வரும் திரவத்தைத் தெளித்தால் இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். இடது பக்கக் கதவுகள் முழுக்க ஊதாப் பொட்டுகளாகப் பூத்தபோது சித்தப்பா பக்கத்தில் நின்று "இதெல்லாம் என் வண்டியிலயா இருந்துச்சு" என்றார். நாற்றம் கடுமையானது, கையுறை போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யவும், காயவிடக் கூடாது.

அதற்கப்புறமும் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுக் கழுவிய பெயின்டின் மேல் தடவிப் பார்ப்பது. வெறும் கையில் தெரியாத நறநறப்பு அப்போது தெரியும். அதை எடுப்பது கிளே பார், ஒருவகைச் செயற்கைக் களிமண். ஷாம்பூ தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இழுக்க வேண்டும், அழுக்கேறியதும் மடித்துப் புது முகத்தைக் காட்ட வேண்டும், கீழே விழுந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் குப்பைதான். கிளே பாரும் மெல்லிய தடத்தை விடும் என்பதால் பாலிஷ் செய்யப்போகிறோம் என்றால் மட்டும்தான் அதை எடுப்பது. மாதாமாதம் கிளே போடச் சொல்கிறவர்களை நான் ஏற்கமாட்டேன்.

பாலிஷ்

மெஷின் டூயல் ஆக்‌ஷன் ரகம். கடைகளில் ஓடும் ரோட்டரி ஒரே அச்சில் சுழல்வது, ஒரு இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் சூடேறி பெயின்டைத் தின்றுவிடும், பழகிய கை வேண்டும். டூயல் ஆக்‌ஷன் சுழன்றுகொண்டே ஊசலாடும், அதிகமாக அழுத்தினால் சுழற்சி தானாக நின்றுவிடும், அதனால் வீட்டில் செய்கிறவர்களுக்கு இதுதான். விலை சில ஆயிரங்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். பேடின் பின் தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் அது சுழல்கிறதா வெறுமனே அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டலாம். கையால் செய்ய முடியாதா என்றால், கைப்பிடிக்குப் பின்னால் நகக் கீறல் விழும் குழி, ஒரு சின்னக் கீறல், இவற்றுக்குக் கை போதும். முழு பானெட்டையும் கையால் ஒரே சீராகச் செய்ய முடியாது.

ஓரங்கள், மடிப்புக் கோடுகள், கருப்பு பிளாஸ்டிக் பட்டிகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை ஒதுக்கி அங்கே மட்டும் சோதனை. முதலில் மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும். மங்கல் போனது, கீறல் அப்படியே நின்றது. அடுத்து நடுத்தர பேடில் மெக்வையர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட். கீறலில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டோம். இன்னும் கரடான பேடைப் போட்டால் மீதியும் போயிருக்கும், கூடவே இன்னும் சில மைக்ரானும் போயிருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படுகிற கீறலைப் பாலிஷில் எடுக்கப் பார்ப்பது வீண், அது பெரும்பாலும் கிளியர் கோட்டைத் தாண்டியிருக்கும்.

ஓட்டுகிற முறையில் முக்கியமானது அவசரப்படாமல் இருப்பது. பேடில் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு, மெஷினை அணைத்த நிலையில் ஒற்றிப் பரப்பி, குறைந்த வேகத்தில் தடவிவிட்டு, பிறகு 4 அல்லது 5-க்கு ஏற்றி, நொடிக்கு ஒரு அங்குலம் என்கிற நிதானத்தில் குறுக்கும் நெடுக்குமாக. பேட் தட்டையாகவே இருக்க வேண்டும், சாய்ந்தால் ஒரே விளிம்பு தின்னும். இரண்டடிச் சதுரம் முடிந்ததும் துடைத்து, பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, அடுத்த சதுரம். பேடைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் கழன்று வந்த பெயின்ட் தூளையே மறுபடி தேய்த்துக்கொண்டிருப்போம். பழைய கால வண்டிகளில் கிளியர் கோட் இல்லாமல் நேரடிக் கலர் மட்டும் அடித்திருந்தால் பேடில் வண்டியின் நிறமே ஏறும், பயப்பட வேண்டாம், ஆனால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். இந்த வண்டியில் பேட் வெள்ளையாகவே இருந்தது. இடையில் கருப்பு ஏறியிருந்தால் கிளியர் கோட் முடிந்தது என்று பொருள்.

ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஐந்து பங்குத் தண்ணீரில் ஒரு பங்கு கலந்து தெளித்துத் துடைத்தோம். பாலிஷில் உள்ள எண்ணெய் அதோடு போய்விடும், கீறல் நிஜமாகப் போயிருக்கிறதா, எண்ணெயில் ஒளிந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும், எல்.ஈ.டி. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். கடையில் கொடுத்தாலும் பணம் கொடுக்கும் முன் பானெட்டில் ஒரு மூலையை இப்படித் துடைத்துக் காட்டச் சொல்லலாம், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காம்பவுண்ட் மட்டும் போட்டு நிறுத்தினால் வெள்ளை வண்டியில் யாருக்கும் தெரியாது. கருப்பில் லேசான புகை மூட்டம் தெரியும். அதனால் மென்மையான பேடில் ஃபினிஷிங் பாலிஷ் ஒரு சுற்று. அதற்கப்புறம்தான் அந்தக் கருப்பு வந்தது. ஆழமான, ஈரமான கருப்பு. சித்தி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "புது வண்டியா எடுத்துட்டீங்க" என்று கேட்டார்.

ஹெட்லைட் மஞ்சளித்திருந்தது. பாலிகார்பனேட்டின் மேல் உள்ள வெயில் தடுப்புப் பூச்சு அழிந்து வருகிற மஞ்சள் அது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் 1000, 2000, 3000 என்று வரவர மென்மையான ரகமாகத் தேய்த்து, பாலிஷ் செய்து, வெயில் தடுப்புப் பூச்சு அடித்தோம். டூத்பேஸ்ட் வைத்துத் தேய்க்கிற வீடியோக்களில் அந்தக் கடைசிப் பூச்சு இருக்காது, அதனால்தான் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகிறது.

வேக்ஸா, சீலன்டா

கார்னாபா வேக்ஸ் பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. உருகுநிலை 82 டிகிரிக்கு மேல், இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றில் ஒன்று. ஆனால் டப்பாவில் வருவது சுத்தமான கார்னாபா கிடையாது, எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகும் கலந்தது, திறந்த வெளியில் நிற்கும் கருப்பு வண்டியில், அதுவும் சென்னை மே மாதத்தில், அதிக நாள் நிற்காது. அழகு நன்றாக இருக்கும், மாதாமாதம் பூச ஆசையும் நேரமும் இருந்தால் பூசலாம். சித்தப்பாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது, அவருக்குச் செயற்கை பாலிமர் சீலன்ட்தான் (மெழுகுபோலவே மேலே பூசுகிற செயற்கைக் காப்புப் பூச்சு) சரி என்று அதைப் பூசினோம், நாலைந்து மாதம் தாங்கும். மெல்லியதாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, அப்புறம் காயவிட்டுத் துடைப்பது. கெட்டியாகப் பூசினால் கூடுதல் பலன் எதுவும் கிடையாது, துடைக்கிற வேலைதான் கூடும். கருப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும்.

செராமிக் கோட்டிங் போடலாமே என்று பலர் கேட்டார்கள். நல்ல பொருள்தான், வேதியியலில் கெட்டியானது. ஆனால் தினமும் மணலோடு துடைத்தால் அதுவும் கீறும், அதன் மேலும் போர்த் தண்ணீர் புள்ளி விழும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்பதைப் பார்த்து எல்லாரும் மயங்கிவிடுகிறார்கள், உப்புத் தண்ணீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் பரவியிருக்க வேண்டிய உப்பு ஒரே வட்டத்தில் குவிந்து முன்னைவிட அழுத்தமான புள்ளியாகும். கோட்டிங் எதுவாக இருந்தாலும் கழுவியதும் துடைத்தே ஆக வேண்டும்.

கவர் போடலாமா என்ற கேள்விக்கும் இதே மாதிரிதான் பதில். கடல் காற்றில் கவர் இரவு முழுக்கப் படபடவென்று அடித்து, உள்ளே இருக்கிற தூசியைப் பெயின்டில் தேய்க்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். வண்டி சுத்தமாக இருந்து, வாரக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் மட்டும் போடலாம். சிலர் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் துடைப்பார்கள், டயருக்கும் பம்பர் பட்டிக்கும் தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். அந்த நேரத்துக்கு மினுமினுக்கும், மறுநாள் தெருத் தூசி முழுக்க அதில்தான்.

காலை ஏற்பாடு

இவ்வளவும் செய்துவிட்டுத் திங்கட்கிழமை காலை அதே வாளியும் பனியன் துணியும் வந்தால் எல்லாம் வீண். அதனால் ஞாயிறு சாயங்காலமே சித்தப்பா வண்டி துடைக்கிறவரைக் கூப்பிட்டுப் பேசினார். "தினம் துடைக்க வேணாம்ப்பா, கண்ணாடி மட்டும் துடைச்சாப் போதும். வாரத்துல ரெண்டு நாள் கழுவு, சம்பளம் அதேதான்." அவருக்கு அது ஒப்பவில்லை. "தூசியோட நின்னா செகரெட்டரி என்னையத்தான் கேப்பாரு சார்" என்றார், நியாயமான பயம். சித்தப்பாவே செகரெட்டரியிடம் சொல்லிவிட்டார். இரண்டு வாளி, ஒரு கையுறை, துடைக்க இரண்டு பெரிய மைக்ரோஃபைபர் துணி, இந்த வண்டிக்கு மட்டும் என்று டிக்கியில் வைத்தோம். டார்ச் வெளிச்சத்தில் பாலிஷ் செய்த பானெட்டையும் பக்கத்து வண்டியின் பானெட்டையும் காட்டியதும் அவருக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை, "மண்ணு இழுத்த கோடு" என்று அவரே சொன்னார். இப்போது இன்னும் சில வண்டிகளுக்கும் அவர் இரண்டு வாளி கேட்டு வாங்கியிருக்கிறார். ஆர்.ஓ. தண்ணீர் கீழே வருவது நின்றது, ஏசி தண்ணீர் வாளியில் வருகிறது. மைக்ரோஃபைபர் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவத்தில் முக்கினால் இழை தண்ணீரை உறிஞ்சாது.

எச்சத்துக்கு டேஷ்போர்டில் ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலும் துணியும். பார்த்த உடனே நனைத்து, ஊறவிட்டு, தூக்கி எடுப்பது.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்ததில் பானெட்டில் புதிதாக விழுந்திருந்தவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோடுகள்தான், கதவுக் கைப்பிடி ஓரம் மட்டும் மோதிரம் பட்ட கீறல்கள் கொஞ்சம். கூரையில் பறவை எச்சத்தின் பழைய அச்சுகள் சில இன்னும் இருக்கின்றன, அவற்றை எடுக்க வேண்டுமானால் நிறையத் தேய்க்க வேண்டும், கூரையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, விட்டுவிட்டோம். மழையில் தண்ணீர் உருள்வது குறைந்திருந்ததால் சீலன்டை மட்டும் மறுபடி பூசினோம். பானெட்டின் முன் விளிம்பில் இ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓட்டத்தில் கல் தெறித்த சின்னச் சின்னப் பொத்தல்கள் உள்ளன, உப்புக் காற்றில் அங்கேதான் துரு தொடங்கும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயின்டின் நிறக் குறியீட்டு எண்ணைப் பார்த்து டச்-அப் பேனா சொல்லியிருக்கிறோம், வந்ததும் அந்த வேலை. மெஷின் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டது. இந்த ஆயுத பூஜைக்கு ரப்பிங் கிடையாது.